மணற்குன்று ஏறும் விஞ்ஞானம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்துத் தென்கிழக்கு மூலையில், மெக்ஸிகோ எல்லையை ஒட்டி, சுமார் 70 கிலோமீட்டர் நீளத்துக்கு அல்கோடோனஸ் என்னும் மணற்குன்றுத் தொடர் பரந்து கிடக்கிறது. குளிர்காலம் பிறந்ததும், அங்குள்ள கிளாமிஸ் என்ற சிற்றூரைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் கூடி, ஏ.டி.வி. எனப்படும், பருத்த டயர்களைக் கொண்ட சிறு நாற்சக்கர வாகனங்களில் அமர்ந்து, சுற்றுத்தரைக்கு மேல் 300 அடி வரை நிமிர்ந்து நிற்கும் குன்றுகளின் உச்சியை எட்டப் பிரயத்தனம் செய்கிறார்கள். பாதிச் சரிவில் திணறி நின்றுவிடும் வாகனத்தைக் கண்டால், அதற்கு இன்னும் பெரிய யந்திரம் வேண்டும் என்றே யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால், யந்திரத்தின் சக்தி முழுவதும் மணலை உதைத்துத்தான் வாகனத்தை மேலே செலுத்த வேண்டும் என்பதையும், மணல் தாங்கக்கூடிய உதைப்புக்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்திருக்கிறது என்பதையும் சிந்திப்போமானால், பரிகாரத்தை யந்திரத்தில் தேடுவதற்கு முன் மணலில் தேட வேண்டும் என்பது விளங்கும்.

உலர்ந்த மணற்பருக்கைகளுக்கிடையே பசை எதுவும் கிடையாது. ஒன்றையொன்று அழுத்துவதனால் பிறக்கும் உராய்வே அவற்றை நிலைநிறுத்துகிறது. கொட்டிய மணல் சரியாமல் நிற்கக்கூடிய சாய்வு ஏறத்தாழ 34 பாகைக்கு மேற்படுவதில்லை. காற்றுக்கு மறைவான பக்கத்தில் குன்றின் முகம் ஏறக்குறைய அந்த எல்லையிலேயே நிற்பதால், ஒரு சக்கரம் பட்டாலும் அங்கே மணல் சரிந்துவிடும். காற்று வந்து மோதும் பக்கமோ, பெரும்பாலும் 10 முதல் 15 பாகை வரையே சாய்ந்து, காற்றின் அறைதலாலேயே இறுகிப் படிந்திருக்கும். எந்தப் பக்கமாக ஏறுவது என்று தேர்வதே ஆகையால் முதல் உபாயம். பருக்கைகளிடையே மெல்லிய நீர்ப்படலம் இருந்து அவற்றைப் பிணைத்துப் பிடிக்கும் ஈரமான காலை வேளையில், அதே குன்று நண்பகலைக் காட்டிலும் உறுதியாக இருப்பதும் உண்டு.

இரண்டாவது உபாயம் டயரில் உள்ள காற்று. 1926-ஆம் ஆண்டு முதல் எகிப்தில் பணியாற்றிய ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, விடுமுறை நாட்களில் நண்பர்களுடன் ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தில் பிரயாணம் செய்தபோது, டயரின் காற்றைக் குறைத்தால் வாகனம் மணலில் புதையாமல் செல்லும் என்பதை அனுபவத்தில் அறிந்தார். பின்னர் லண்டனில் காற்றுச் சுரங்கம் அமைத்து மணலின் இயக்கத்தைப் பரீட்சித்து, 1941-இல் அவர் வெளியிட்ட கிரந்தம் அத்துறையின் மூலநூலாக இன்றும் போற்றப்படுகிறது. காற்றுக் குறைந்த டயர் தட்டையாகப் படிந்து பாரத்தைப் பரப்பிவிடுகிறது. புதைந்த சக்கரமோ, தனக்கு முன்னே குவியும் மணலை ஓயாமல் தள்ளுவதிலேயே சக்தியைச் செலவிடுகிறது. சாதாரணக் காரின் டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அளவில் இருக்கும் அழுத்தம், ஏ.டி.வி.யில் சில பவுண்டுகளே. அதையும் மிதமிஞ்சிக் குறைத்தால், பக்கவாட்டுச் சரிவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

மூன்றாவதாக, பின்சக்கரங்களில் பேடில் டயர்களைப் பூட்டுகிறார்கள். குறுக்கே உயர்ந்து நிற்கும் ரப்பர் வரம்புகள், படகின் துடுப்பு தண்ணீரைத் தள்ளுவதுபோல மணலை வாரிப் பின்னே எறிய, அந்த எதிர்விசை வாகனத்தை முன்னே உந்துகிறது. வரம்புகள் மிகுந்தால் பிடிப்பும் மிகும். ஆனால் அவற்றைச் சுழற்றும் பளுவும் மிகுவதால், சிறிய யந்திரம் மூச்சுத் திணறிப்போகும்.

இனி வேகத்தைக் கணக்கிடுவோம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் அடிவாரத்தை அணுகும் வாகனம், எடை எவ்வளவாயினும், மணலின் தடை அறவே இல்லையென்று கொண்டாலுங்கூட, அந்த வேகத்தைக் கொண்டு மட்டும் சுமார் 20 மீட்டர் உயரமே ஏறும். எஞ்சியதை யந்திரமே ஈடுசெய்ய வேண்டும். ஓட்டுநரோடு 260 கிலோ எடையுள்ள வாகனம் 25 பாகைச் சரிவில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு, புவியீர்ப்பை வெல்ல மட்டும் ஏறத்தாழ 14 குதிரைச் சக்தி தேவை. மணலின் தடை அதற்கு மேல். நடுச்சரிவில் கியர் மாற்றும் ஒரு கணத்தில் வேகம் சட்டென்று விழுந்துவிடுவதால், ஒரே கியரில் உச்சிவரை இழுக்கும்படி அமைத்துக்கொள்வது உத்தமம். சங்கிலியை இழுக்கும் பற்சக்கரமாகிய முன் ஸ்பிராக்கெட்டில் 14 பற்களுக்குப் பதில் 13 வைத்தால், சக்கரத்துக்குக் கிடைக்கும் முறுக்குவிசை சுமார் 8 சதவீதம் கூடும். உச்ச வேகம் சற்றுக் குறைவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரிவில் பாரம் பின்சக்கரங்களுக்கு நகர்வது பிடிப்புக்கு நல்லதாயினும், அளவு மீறினால் முன்சக்கரங்கள் எழும்பி வாகனம் பின்புறமாகக் கவிழக்கூடும். ஆதலால் ஓட்டுநர் உடலை முன்னே சாய்த்துக்கொள்வதும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை நீட்டிக்கொள்வதும் வழக்கம். ஏற முடியாதென்று தெரிந்தால், வேகம் முற்றும் அடங்குமுன் வளைந்து இறங்கிவிட வேண்டும். சரிவின் குறுக்கே நின்றுவிட்ட வாகனம் உருண்டுவிடக்கூடும். உச்சிக்கு அப்பால் செங்குத்தான இறக்கமோ, எதிரே ஏறிவரும் மற்றொரு வாகனமோ இருக்கலாமாகையால், அங்கே வேகத்தைத் தணிப்பதும், தரையிலிருந்து 8 அடி உயரத்தில் கொடி பறக்கவிடுவதும் உயிர்காக்கும் நியதிகள்.

சரிவைத் தேர்தல், காற்றைக் குறைத்தல், டயரை மாற்றுதல், பல்லைத் திருத்துதல் என்ற இந்த வரிசையில் முதல் இரண்டுக்கும் காசு செலவில்லை. ஆயினும் பலரும் இவற்றையெல்லாம் விடுத்து யந்திரத்திலேயே தொடங்குகிறார்கள். பிடிமானமில்லாத சக்கரத்துக்கு எவ்வளவு சக்தியைக் கூட்டிக் கொடுத்தாலும், அது வாகனத்தை மேலேற்றாமல் தன் குழியையே ஆழமாக்கிக்கொள்ளும்.