அவை அஞ்சாமை – 9: பேச்சை எழுதிக்கொண்டவர்கள்

நிற்கும் நிலையையும் மூச்சையும் பற்றிய அப்பியாசங்களைச் சென்ற இரு வாரங்களில் எழுதியாயிற்று. தவறவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழை இரவல் வாங்கிக்கொள்ளட்டும். இவ்வாரம் குரலின் ஏற்ற இறக்கத்தை எடுத்துக்கொள்வதாக வாக்களித்திருந்தேன். ஆனால் திங்கட்கிழமை ஒரு கல்யாணத்துக்காகத் திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்குப் போய்வந்தது முதல், அவ்வூரில் பிறந்த ஒருவரைத் தவிர வேறெதிலும் புத்தி செல்லவில்லை. ஆசிரியரோ இருமுறை தொலைபேசியில் கேட்டுவிட்டார். ஆகையால் மனத்தில் இருப்பதையே எழுதுகிறேன்.

வத்தலக்குண்டு எழுத்தாளர்களுக்குப் பெயர்போன ஊர். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயர் அவ்வூர்க்காரர், 'மணிக்கொடி' பி. எஸ். ராமையாவும் அவ்வூர்க்காரரே. இத்தனை பேர் பேனாவைப் பிடித்த ஊரிலே, 1884 அக்டோபர் 4-ஆம் தேதி பிறந்து, வாயைத் திறந்து பேசியதற்காகவே சிறை சென்றவர் சுப்பிரமணிய சிவா. இளமையில் சிவகாசிப் போலீஸ் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, மறுநாளே அந்த உத்தியோகத்தை இழந்தார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதியோர் சொல்வர். ஒரே நாள் உத்தியோகம்! பின்னால் போலீஸார் அவருக்குச் செய்த கைங்கரியத்தை நினைக்கும்போது, இந்த ஒரு நாளை எண்ணி நான் தனியே சிரித்துக்கொள்வதுண்டு.

சிவாவைப் பிறவிப் பேச்சாளர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நம்மவர் வழக்கம். அது சோம்பேறிகளின் வாதம் என்பது என் அபிப்பிராயம். 1906-இல் திருவனந்தபுரத்தில் ஆரிய சமாஜத்தைச் சேர்ந்த ஒருவர் நிகழ்த்திய பிரசங்கத்தைக் கேட்டு உள்ளம் கனன்ற அந்த இளைஞர், நேரே பெரிய மேடையைத் தேடிப் போகவில்லை. தர்ம பரிபாலன சமாஜம் என்று ஒன்றை நிறுவி, இளைஞர் சிலரைக் கூட்டி, அவர்களிடையே பேசினார். சமஸ்தானத்தார் அவரை எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடவே, ஊர் ஊராக நடந்து, கேட்க வந்தவர் எத்தனை பேராயினும் அத்தனை பேருக்கும் பேசிக்கொண்டே போனார். 1908-இன் தொடக்கத்தில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையோடு சேர்ந்து நின்றபோது அவருக்கு வயது இருபத்துமூன்று. ஆயினும் சிறு கூட்டங்களிலும் வழிப்போக்கர் நடுவிலும் பேசிப் பேசிப் பழகிய நாக்கு அது. (நம் நகரத்துத் திண்டுக்கல் ஐ. லியோனி பள்ளி ஆசிரியராக இருந்து பட்டிமன்ற மேடைக்கு வந்தவர் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். எந்த வேளையும் கவனம் சிதறக் காத்திருக்கும் பிள்ளைகளை நாள்தோறும் கட்டி நிறுத்தியவருக்கு எந்தச் சபைதான் பெரிது?)

தூத்துக்குடியில் ஏறக்குறைய நாள்தோறும் கூட்டம். பிப்ரவரி 27-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது அந்தக் கூட்டங்களின் உஷ்ணம் இன்னும் ஏறியது. அக்காலத்துப் பெரிய மனிதர்களின் அரசியல் பிரசங்கம் பெரும்பாலும் இங்கிலீஷில் நடக்க, ஆலைக்கூலிக்கும் வண்டிக்காரனுக்கும் விளங்கும் தமிழில் இவர்கள் பேசினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அந்தத் தமிழைக் கைவலிக்கக் குறித்துக்கொண்டவர்கள் போலீஸார்.

இவ்வாரம் என்னைப் பிடித்து ஆட்டும் விஷயம் இதுதான். கைதட்டியவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய் உறங்கிவிட, பேச்சு முழுவதையும் சிரத்தையோடு கேட்டவன், அதை விரும்பாமல் எழுதிக்கொண்ட ஒருவனே. மார்ச் 12-ஆம் தேதி இருவரும் கைதாகி வழக்கு நடந்தபோது, அந்தக் குறிப்புகளே சிவாவுக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றன. 1908 ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே வழங்கிய தீர்ப்பில் ராஜத்துவேஷத்துக்காக சிவாவுக்குப் பத்தாண்டுத் தீவாந்தர சிட்சை. வ. உ. சி.க்கோ இரண்டு ஆயுள் தண்டனைகள். அவற்றுள் ஒன்று அவர் செய்த பேச்சுக்காக, மற்றொன்று சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக! ஒரு பேச்சாளனுக்கு ஆதரவளித்தவனுக்கு, அந்தப் பேச்சாளனைக் காட்டிலும் அதிக தண்டனை. பேச்சின் வலிமைக்கு இதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரத்தை எந்தச் சங்கமும் எவருக்கும் அளித்ததில்லை என்பேன். மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன. 1912-இல் சிவா வெளியே வந்தபோது தொழுநோயும் உடன் வந்தது. அந்நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்று தடுத்தபோது, கட்டைவண்டியிலும் கால்நடையாகவும் சென்று, 1925 ஜூலையில் பாப்பாரப்பட்டியில் உயிர் பிரியும் காலம் வரையில் நாட்டுக்காகவே உழைத்தார்.

இதிலிருந்து நமக்கு ஓர் அப்பியாசம் கிடைக்கிறது. நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், பூட்டுப் பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் சென்ற வாரம் ஐந்து நிமிஷம் பேசினார். பத்திரம் எழுதும் பெரியவர் ஒருவரை மூலையில் உட்காரவைத்து, காதில் விழுந்ததை ஓரெழுத்தும் திருத்தாமல் எழுதச் சொன்னேன். பேச்சு முடிந்ததும் பெரியவர் வாசித்தார்.

"ஐயா, இத்தனை 'வந்து' நானா சொன்னேன்?" என்றார் தம்பி, முகம் சுண்டி.

"31, தம்பி. பத்திரத்துல இப்படி எழுதினா நிலம் யாருக்குன்னே தெரியாது" என்றார் பெரியவர்.

எல்லாரும் சிரித்தோம். பிறகு என் முறை வந்தது. பதினைந்து நிமிஷத்தில் 'ஆகையால்' என்று 14 தடவை சொல்லியிருந்தேன். அவற்றுள் காரணத்தோடு வந்தவை மூன்றே. அதற்குமேல் ஒருவரும் சிரிக்கவில்லை, மரியாதைக்காகத்தான்.

அமெரிக்காவில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் 1924-இல் சாண்டா அனா நகரத்து ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கம் இன்று பல தேசங்களில் பரவியிருக்கிறது. அங்கே ஒருவர் பேசும்போது அவர் வாயில் வரும் 'ஆ', 'ம்' ஆகியவற்றை எண்ணுவதற்கென்றே ஓர் அங்கத்தினரை நியமிப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எண்ணுவதோடு நின்றுவிடுகிறவரைக் காட்டிலும், முழுவதையும் எழுதுகிறவரே மேல் என்பது என் கட்சி. கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால் ஆகாதா என்று அன்பர் ஒருவர் வினவினார். ஆகாது என்பதில்லை, ஆனால் நம் குரலைக் கேட்கும்போது நாம் நம்மை மன்னித்துவிடுகிறோம், காகிதத்தில் காணும்போது மன்னிப்பதில்லை. முற்றுப்பெறாமல் தொங்கும் வாக்கியங்களும், எழுவாய் ஓரிடத்தில் இருக்கப் பயனிலை ஊர்மாறிப் போவதும் காதுக்குத் தப்பிவிடும், கண்ணுக்குத் தப்பா.

முறை எளிது. முதல் வாரம் இரண்டு நிமிஷம் பேசுங்கள், எழுதுகிறவர் எழுதட்டும். மறுநாள் அதே விஷயத்தை, காகிதத்தைப் பாராமல், மீண்டும் பேசுங்கள், அதையும் எழுதட்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மூன்றாம் வாரத்துக்குமேல் ஐந்து நிமிஷம் ஆக்குங்கள், அதற்குமுன் வேண்டாம். எழுதுகிறவர் உங்களைப் புகழ்கிறவராக இருத்தல் ஆகாது. மனைவி, மைத்துனர், உடன்படித்தவர் எவராயினும், உங்களிடம் சற்றே மனத்தாங்கல் உள்ளவரானால் இன்னும் உத்தமம்.

குரலின் ஏற்ற இறக்கம் அடுத்த வாரம். அதற்குள் உங்கள் 'வந்து', 'அதாவது', 'ஆகையால்' ஆகியவற்றின் எண்ணிக்கையை ஓர் அஞ்சலட்டையில் எழுதி எனக்கு அனுப்புங்கள். குறைத்து எழுத வேண்டாம்.