கோலாட்டப் போட்டி: ஜோடி ஆட்டத்துக்கு மதிப்பெண் இடுவது எப்படி?

கோலாட்டம் நமக்குப் புதியதன்று. கொலு வைத்த வீட்டிலும், பள்ளி ஆண்டு விழாவிலும், கோயில் திருநாளிலும் பார்த்துப் பழகியதுதான். பார்க்கிறவரை அதில் கேள்வி ஒன்றும் எழுவதில்லை. அதையே போட்டியாக வைத்து, இவர்களுக்கு முதல் பரிசு, அவர்களுக்கு இரண்டாம் பரிசு என்று சொல்ல வேண்டி வரும்போதுதான் இந்த ஆட்டத்தின் இலக்கணம் என்ன என்று யோசிக்கிறோம். தொம்மலூரில் எங்கள் நாலைந்து தெருத் தமிழ்க் குடும்பங்கள் நவராத்திரியை ஒட்டி நடத்தும் கோலாட்டப் போட்டிக்கு விதிமுறை எழுதும் வேலை என்னிடம் வந்தது. கயிறு, ஆணி, பெயின்ட் விற்கிறவனுக்கு இது எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். கோலுக்கும் கயிற்றுக்கும் என் கடைக்குத்தான் வருகிறார்கள். அதுவே என் தகுதி. மற்றதைப் படித்தும், ஆடியவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன்.

தொம்மலூர் என்றால் இன்று மேம்பாலமும் கம்ப்யூட்டர் கம்பெனியும்தான் ஞாபகம் வரும். ஆனால் இங்குள்ள சொக்கநாத சுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பெயர் சொக்கநாதர் என்றாலும் உள்ளே இருப்பவர் பெருமாள். கல்வெட்டில் ஊரின் பெயர் தொம்பலூர். தேசிமாணிக்கப்பட்டணம் என்று இன்னொரு பெயரும் உண்டு. வணிகர் வாடை அடிக்கும் பெயர் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். இந்த ஊரில் தமிழ் நேற்றுக் குடியேறியது அல்ல என்பதற்காக மட்டும் இதை இங்கே சொன்னேன்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். கோல் பிடித்து ஆடுவது தமிழருக்கு மட்டும் உரியதன்று. குஜராத்தில் தாண்டியா, வடகேரளத்தில் கோல்களி, ஆந்திரத்தில் கோலாட்டம், கன்னடத்தில் கோலாட்ட. குடகில் ஹுத்தரி என்னும் அறுவடைத் திருநாளில் ஆண்கள் கோல் தட்டி ஆடுவார்கள். ஹம்பியில் விஜயநகரக் காலத்துக் கல்லிலும் கோலாட்டம் ஆடும் பெண்களைச் செதுக்கியிருக்கிறார்கள். தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களில் தீபாவளி அமாவாசைக்குப் பிந்திய வளர்பிறையில் பசுவன் என்று மண்ணால் கன்று செய்து வைத்துச் சிறுமிகள் கோலாட்டம் ஆடும் வழக்கம் இருந்தது. நம் பழைய குரவைக் கூத்து இதிலிருந்து வேறு. அது ஏழு பேரோ ஒன்பது பேரோ கைகோத்து ஆடுவது. அங்கே ஜோடி கிடையாது. கோலாட்டத்திலோ எதிரே ஒருவர் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. என் கோல் எழுப்பும் ஓசையில் பாதி எதிரே நிற்பவருடையது.

அடிப்படை அடவு எளிது. தன் இரு கோலையும் தானே ஒரு தட்டு, எதிராளியின் வலக்கோலில் ஒரு தட்டு, மறுபடி தன்னுடையது, பிறகு எதிராளியின் இடக்கோல். எட்டு எண்ணிக்கை முடிந்ததும் நகர்ந்து அடுத்த ஆளிடம் போக வேண்டும். உள்வட்டம் ஒன்று, வெளிவட்டம் ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. எட்டு ஜோடி நிற்கிறார்கள் என்று வையுங்கள். உள்வட்டம் ஓரிடம் வலமாகவும், வெளிவட்டம் ஓரிடம் இடமாகவும் ஒரே நேரத்தில் நகர்ந்தால், ஒவ்வொரு தடவையும் நடுவில் ஒரு ஆள் தப்பிவிடுவார். நாலு நகர்வில் பழைய ஜோடியே திரும்பி வந்துவிடும். மீதி நாலு பேரைக் கடைசிவரை சந்திக்கவே முடியாது. உள்வட்டம் நின்ற இடத்தில் நின்று, வெளிவட்டம் மட்டும் நகர்ந்தால் எட்டுப் பேரையும் சந்திக்கலாம். இரண்டு வட்டமும் நகர்ந்தே தீர வேண்டும் என்றால் ஏழு ஜோடியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒற்றைப்படையில் ஆள் தப்புவதில்லை. (சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் எழுவர் நிற்பதற்கு இது காரணம் அல்ல. அங்கே குரல், துத்தம் முதலான ஏழு சுரத்தின் பெயரை ஆளுக்கொன்றாகச் சூட்டியிருக்கிறார் அடிகள்.)

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எங்கள் சண்டையே இதில்தான் தொடங்கியது. முதல் இரண்டு வருடமும் வழக்கம்போல நடத்தினோம். குழு குழுவாகப் பெயர் கொடுத்து, சினிமாப் பாட்டுக்கோ பக்திப் பாட்டுக்கோ ஐந்து நிமிடம் மேடையில் ஆடிவிட்டுப் போவார்கள். வட்டம் காணாமல் போயிற்று. எல்லாரும் சபையைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். கோலை எதிராளியிடம் தட்டுவதைவிடத் தலைக்குமேல் சுழற்றுவதே அதிகம். சம்பளத்துக்கு டான்ஸ் மாஸ்டர் வைத்துக்கொண்ட குழு ஜெயித்தது. அந்தச் செலவுக்கு முடியாத வீட்டுப் பிள்ளைகள் இரண்டாம் வருடமே பெயர் கொடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர்களாக வந்தவர்கள் எதிரணிக்காரர்களாகத் திரும்பினார்கள். ஊரை விட்டு வந்த இடத்தில் நாம் கூடுவதே வருடத்தில் இரண்டு மூன்று நாள். அதிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் என்ன பிரயோசனம்?

வெளிநாட்டில் ஜோடி ஆட்டப் போட்டியை எப்படி நடத்துகிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். இங்கிலாந்தில் பிளாக்பூல் என்னும் கடற்கரை ஊரில் 1920 முதல் பால்ரூம் நடனப் போட்டி நடந்து வருகிறது. அங்கே ஜோடி நிரந்தரம். வருடக்கணக்கில் ஒரே துணையோடு பயின்று வருவார்கள். அமெரிக்காவில் ஸ்விங் என்னும் ஆட்டத்தில் வேறொரு வகை உண்டு, பெயர் ‘ஜாக் அண்ட் ஜில்’. யார் யாருக்கு ஜோடி என்பதைக் குலுக்கலில்தான் முடிவு செய்வார்கள். என்ன பாட்டு வரும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. முதல் சுற்றுகளில் துணை மாறி மாறி ஆட, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மதிப்பெண். இறுதிச் சுற்றில் மட்டும் குலுக்கலில் அமைந்த ஜோடியை ஜோடியாகவே மதிப்பிடுவார்கள்.

இதைப் படித்ததும், நம் கோலாட்டத்தின் குணத்துக்கு இதுவே பொருத்தம் என்று பட்டது. எட்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை ஆள் மாறுகிற ஆட்டம் அல்லவா? ஒருத்தியோடு மட்டும் நன்றாக ஆடுகிறவளை நல்ல ஆட்டக்காரி என்று எப்படிச் சொல்வது? உயரமானவள் வந்தால் கோலைத் தூக்கியும், குட்டைப் பிள்ளை வந்தால் தாழ்த்தியும், பயந்தவள் வந்தால் அவள் தட்டும்வரை ஒரு இம்மி காத்தும் ஆடுகிறவளே ஆட்டக்காரி.

கூட்டத்தில் எதிர்ப்பு வந்தது. “ரெண்டு மாசமா எம்பொண்ணு அவ சிநேகிதியோட பழகியிருக்கா, இப்பப் பிரிச்சா எப்படிங்கய்யா?” என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்விதான். பயிற்சியில் பத்துப் பேரோடும் ஆடிப் பழகட்டும் என்பதே என் பதில்; அவருக்கு அது இன்றுவரை திருப்தியில்லை. ஆனால் முதல் குலுக்கலிலேயே கோலார் தங்கவயலிலிருந்து வந்த அறுபது வயது அம்மாள் ஒருவருக்கும், மாடி வீட்டுக் கன்னடக்காரர் மகளான ஒன்பதாம் வகுப்புச் சிறுமிக்கும் ஜோடி விழுந்தது. தங்கவயலில் சுரங்கம் 2001-இல் மூடியபின் இந்தப் பக்கம் வந்த குடும்பம் அது. சிறுமிக்குத் தமிழ் அரைகுறை. “ஒந்து, எரடு” என்று அம்மாள் கன்னடத்தில் எண்ண, அவள் “மூணு, நாலு” என்று தமிழில் முடித்தாள். இரண்டாம் இடம் பெற்றார்கள்.

நடுவர் விஷயம் அடுத்த தலைவலி. சீவக சிந்தாமணியில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. குணமாலையும் சுரமஞ்சரியும் தோழியர். நீராட்டு விழாவுக்கு இருவரும் நறுஞ்சுண்ணம் இடித்தார்கள்; யாருடையது சிறந்தது என்று போட்டி வந்தது, தோற்றவள் நீராடக் கூடாது என்று பந்தயம். நடுவரான சீவகன் வாயால் தீர்ப்புச் சொன்னதோடு விடவில்லை. இரண்டு பொடியையும் வானில் தூவிக் காட்டினான். குணமாலையின் சுண்ணத்தை வண்டுகள் மொய்த்தன, மற்றது கீழே விழுந்தது. தீர்ப்பைக் கண்ணால் பார்க்கும்படி செய்தான் என்பதே இதில் நமக்கு வேண்டியது. அப்படியும் சுரமஞ்சரி நீராடாமல் வீடு திரும்பி, இனி ஆடவர் முகத்தில் விழிப்பதில்லை என்று கன்னிமாடம் புகுந்துவிட்டாள். பந்தயம் அவ்வளவு கடுமையாக வைத்தால் அப்படித்தான் ஆகும்.

எங்களிடம் வண்டு இல்லை. ஐந்து நடுவர் இருக்கிறார்கள். மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பால்ரூம்காரர்கள் இறுதிச் சுற்றில் கையாளும் ‘ஸ்கேட்டிங்’ முறையை எடுத்துக்கொண்டோம். நடுவர் ஒவ்வொருவரும் ஜோடிகளை 1, 2, 3 என்று வரிசைப்படுத்த வேண்டும். பெரும்பான்மை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு ஜோடிக்கு மூன்று நடுவர் 1 போட்டு, இரண்டு நடுவர் 5 போட்டார்கள் என்று வையுங்கள், கூட்டினால் 13. இன்னொரு ஜோடிக்கு ஐவருமே 2, கூட்டினால் 10. கூட்டல் கணக்கில் இரண்டாம் ஜோடி ஜெயிக்கும். பெரும்பான்மைக் கணக்கில், ஐவரில் மூவர் முதலிடம் தந்த ஜோடியே முதல். தன் மருமகள் ஜெயிக்க வேண்டும் என்று எதிர் ஜோடியைக் கடைசிக்குத் தள்ளும் ஒரு நடுவரால் இங்கே பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நடுவர் எண்ணிக்கை மட்டும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும்.

நடுவரே வேண்டாத ஒரு சுற்றும் உண்டு. அது பின்னல் கோலாட்டம். மேலேயிருந்து தொங்கும் எட்டுக் கயிற்றை எட்டுப் பேர் பிடித்துக்கொண்டு, நால்வர் வலமாகவும் நால்வர் இடமாகவும் சுற்றுவார்கள். எதிரே வருகிற முதல் ஆளை உள்பக்கமாகவும், அடுத்த ஆளை வெளிப்பக்கமாகவும் தாண்டித் தாண்டிப் போனால் மேலிருந்து கீழாகச் சடை பின்னிக்கொண்டே வரும். யாராவது ஒருவர் மாற்றித் தாண்டினால் அந்த உயரத்தில் நிறம் கலைந்து நிற்கும். மறைக்க முடியாது.

பின்னுவது பாதி ஆட்டம்தான், அவிழ்ப்பதில்தான் வித்தை. திரும்பி நின்று, கடைசியாக யாரை வெளிப்பக்கம் தாண்டினோமோ அவரையே முதலில் அதே வெளிப்பக்கமாகத் தாண்டிப் பின்னோக்கி ஆட வேண்டும். பின்னும்போது தப்பாகத் தாண்டியிருந்தால், அவிழ்க்கும்போது அந்தத் தப்பையும் அதே இடத்தில், அதே ஆளோடு திருப்பிச் செய்தால்தான் கயிறு பிரியும். சரியாகவே ஆடுவேன் என்று பிடிவாதம் பிடித்தால் முடிச்சு விழும். அதனால் தப்பிய பிள்ளை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், “நான் மாத்திட்டேன்” என்று. மற்ற ஏழு பேரும் அதைக் கேட்டு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் விதிமுறையில், ஆட்டத்தின் நடுவே பேசினால் மதிப்பெண் குறைப்பு என்று முன்பு இருந்ததை இந்தச் சுற்றுக்கு எடுத்துவிட்டோம்.

வேறு ஊர்ச் சங்கத்தார் நடத்த விரும்பினால், கடைக்காரனாகச் சில வார்த்தை. நைலான் கயிறு வேண்டாம். வழுக்கிப் பின்னல் தளரும். பருத்திக் கயிறோ, அகலமான பருத்தி நாடாவோ நல்லது. நாலு ஒரு நிறம், நாலு வேறு நிறம். பின்னல் விழ விழக் கயிறு குறையும் என்பதால், கூரை பன்னிரண்டு அடி என்றால் கயிறு பதினைந்து அடிக்குக் குறையக் கூடாது. வளையத்தை மின்விசிறிக் கொக்கியில் மாட்டாதீர்கள். எட்டுப் பேர் ஒருபக்கம் இழுத்தால் அது தாங்காது, இரும்புத் தூலத்தில் கட்டுங்கள். கோல் வாங்கும்போது எல்லாம் ஒரே மரமாக, ஒரே நீளமாக இருக்கட்டும். சன்னபட்டணத்துப் பொம்மைக்கு உதவும் வெட்பாலை மரத்தில் அரக்குச் சாயம் அழகாக ஏறும். ஆனால் லேசான மரம், ஓசை கொஞ்சம் மட்டு. கனத்த மரம் கணீர் என்று பேசும், சிறு பிள்ளைகளுக்குக் கை வலிக்கும். பத்து வயதுக்குக் கீழே லேசானது, மேலே கனத்தது என்று பிரித்து வைத்திருக்கிறோம். குலுக்கலில் சிறுமியும் பெரியவரும் ஜோடி சேர்ந்தால் இருவருக்குமே லேசான கோல்தான்.