பொதிகைப் பச்சிலைகள் – 9: காணிகளின் ஆரோக்கியப்பச்சை

தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடத்துக் கரிசல் காட்டிலிருந்து மேற்கே நோக்கினால் அடிவானத்தில் நீலக் கோடாகத் தெரியும் மலைத்தொடர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று தெற்கு நோக்கி நீண்டு, செங்கோட்டைக் கணவாயில் தாழ்ந்து, அதற்கப்பால் மீண்டும் எழுந்து, பொதிகை என்றும் வழங்கும் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையில் உச்சம் கொள்கிறது. கரிசல் நிலம் ஐப்பசி மழையை நம்பிக் காத்துக் கிடக்கையில், இம்மலைகளின் உட்பகுதி தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெற்று ஆண்டின் பெரும்பகுதியும் ஈரம் காயாமல் இருப்பதால், ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவுக்குள் முற்றிலும் வேறான இரண்டு தாவர உலகங்கள் இப்பகுதியில் அமைந்துள்ளன. அவற்றுள் மலைப்பகுதிக்கே உரியதும், மருந்துத் துறையிலும் சட்டத் துறையிலும் உலக அளவில் பேசப்பட்டதுமான ஒரு சிறு செடியே இக்கட்டுரையின் பொருள்.

அச்செடியின் பெயர் ஆரோக்கியப்பச்சை. தாவரவியலார் இதனை டிரைக்கோப்பஸ் சைலானிக்கஸ் என்று அழைப்பர். முதற்சொல்லுக்குக் கிரேக்க மொழியில் 'முடிபோன்ற கால்' என்பது பொருள். இரண்டாம் சொல் 'இலங்கையைச் சேர்ந்தது' எனப் பொருள்படும். ஜெர்மானியத் தாவரவியலார் கேர்ட்னர் 1788ஆம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டினார். தென்னிந்திய மலைகளில் வளரும் வகையைப் பின்னர் வேறுபடுத்தி அறிந்தவர், சென்னை மாகாண வனத்துறையில் உயர் பதவி வகித்தவரும் தாவர ஆய்வாளருமான பெட்டோம். அவ்வகைக்குத் திருவிதாங்கூரின் பெயரே சிறப்புப் பெயராக அமைந்தது. இப்பேரினத்தில் உலகம் முழுவதிலும் இரண்டே சிற்றினங்கள் உள்ளன. மற்றொன்று ஆப்பிரிக்காவுக்கு அருகிலுள்ள மடகாஸ்கர் தீவில் வளர்கிறது.

வள்ளிக்கிழங்குக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், அக்குடும்பத்தின் பிற செடிகளைப்போல இது கொடியாகி மரமேறுவதில்லை. ஓடைக்கரைகளில், பெருமரங்களின் நிழலில், மக்கிய சருகுக்கு அடியில் படுத்திருக்கும் மட்டத்தண்டிலிருந்து, அதாவது மண்ணுக்குள் கிடைமட்டமாக வளரும் தண்டிலிருந்து, மெல்லிய தண்டுகள் பல கிளம்புகின்றன. ஒவ்வொரு தண்டும் ஓர் இலையை மட்டுமே தாங்கி நிற்கிறது. இலை பெரும்பாலும் இதய வடிவினது. ஆயினும் அடுத்தடுத்த செடிகளிலேயே அது அகன்றும் குறுகியும் மாறுபடுவதால், பழகாத கண் இதனை வேறு வேறு செடிகள் என்றே எண்ணிவிடும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், முடியளவு மெலிந்த காம்புகளில், கருஞ்சிவப்புச் சாயல் கொண்ட சிறு பூக்கள் தோன்றுகின்றன. பூவிலிருந்து உருவாகும் காய், மூன்று விளிம்புகள் புடைத்து, இலையின் மறைவிலேயே தொங்குகிறது. முழங்கால் உயரம்கூட இல்லாத இச்செடியின் காயைக் காண வேண்டுமாயின், குனிந்து இலையை விலக்கிப் பார்த்தாக வேண்டும். அவ்வாறு குனிந்து பார்த்தவர்கள் காணிகள்.

பளியர் என்னும் மலைவாழ் மக்கள் பெரும்பாலும் செங்கோட்டைக் கணவாய்க்கு வடக்கேயுள்ள மலைகளுக்கு உரியவர்கள் என்றால், காணிகள் அதற்குத் தெற்கேயுள்ள மலைகளுக்கு உரியவர்கள். காணிக்காரர் என்றும் குறிக்கப்படும் இப்பழங்குடியினர் திருவனந்தபுரம் மாவட்டத்து மலைகளிலும், தமிழ்நாட்டில் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களின் மலைகளிலும் வாழ்கின்றனர். பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி ஆகிய குடியிருப்புகள் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் அமைந்தவை. தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடியினர் அட்டவணையில் காணிக்காரர் என்ற பெயருக்கு எதிரே கன்னியாகுமரி மாவட்டத்துடன் செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்களின் பெயர்களும் இடம்பெறுகின்றன. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை மலையாள நாட்டு ஆட்சியில் இருந்தது என்பதையும், காணிகளின் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து வழங்குகின்றன என்பதையும் சேர்த்து நோக்கினால், மாநில எல்லை என்பது இம்மக்களின் வாழ்வுக்குக் குறுக்கே பிற்காலத்தில் இழுக்கப்பட்ட ஒரு கோடே என்பது விளங்கும்.

'காணி' என்ற சொல் தமிழில் நிலத்தையும் நிலத்தின் மீதுள்ள வழிவழி உரிமையையும் குறிப்பது. எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரி ஆகியோரின் உழைப்பில் 1909ஆம் ஆண்டு ஏழு தொகுதிகளாக வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூலில் காணிக்காரரைப் பற்றிய விரிவான குறிப்பு உண்டு. குடியிருப்பின் தலைவர் மூட்டுக்காணி எனப்படுவார். நோய் தீர்ப்பவர் பிலாத்தி எனப்படுவார். இரும்பாலான கொக்கரை என்னும் கருவியை உரசி ஒலியெழுப்பிப் பாடும் சாற்றுப்பாட்டும், காட்டுப் பச்சிலைகளைப் பற்றிய அறிவும் பிலாத்தியிடம் ஒருங்கே இருந்தன. இவ்வறிவு ஏட்டில் எழுதப்பட்டதன்று. கூட நடந்து, பார்த்து, கேட்டுக் கற்றுக்கொள்ளப்படுவது.

ஆரோக்கியப்பச்சையைக் காணிகள் பயன்படுத்தும் முறை மிக எளிமையானது. தேனெடுக்கவும் கிழங்கு தோண்டவும் நெடுந்தொலைவு மலையேறுகையில் அவர்கள் அச்செடியின் காயைப் பறித்துப் பச்சையாகவே உண்பர். காய்ச்சுவதோ, இடிப்பதோ, பிற சரக்குகளோடு கூட்டுவதோ இல்லை. களைப்புத் தோன்றாமல் உடல் தொடர்ந்து இயங்க அது உதவுகிறது என்பது அவர்களின் பட்டறிவு. உணவுக்கும் மருந்துக்கும் இடையே கோடு கிழிக்காத வாழ்க்கை முறையில் இக்காய், நோய்க்கு மருந்தாகக் கருதப்படாமல், நடைக்குத் துணையாகவே கருதப்பட்டது.

இவ்வழக்கம் வெளியுலகுக்குத் தெரியவந்தது 1987ஆம் ஆண்டு டிசம்பரில். இந்தியப் பழங்குடியினரின் தாவர, விலங்கு அறிவைத் தொகுப்பதற்காக நடுவண் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் நடத்திய அனைத்திந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டத்தின் கீழ், புஷ்பாங்கதன், இராஜசேகரன் முதலிய ஆய்வாளர்கள் காணிகளின் வழிகாட்டுதலோடு அகத்தியர் மலைப்பகுதிக்குச் சென்றனர். ஏற்றத்தில் ஆய்வாளர்கள் சோர்ந்துபோக, உடன்வந்த காணிகளோ ஏதோ சில காய்களை அவ்வப்போது மென்றவாறு சோர்வின்றி நடந்தனர். ஆய்வாளர்களுக்கும் அக்காய்கள் தரப்பட்டன. அவற்றை உண்டபின் அவர்களும் புத்துணர்வு பெற்றனர். ஆயினும் செடியைக் காட்டக் காணிகள் எளிதில் இசையவில்லை. அது தங்கள் குடிக்குள் காக்கப்பட வேண்டிய செய்தி என்றே கருதினர். பெரிதும் வற்புறுத்தப்பட்ட பின்னரே குட்டிமாத்தன் காணியும் மல்லன் காணியும் செடியை அடையாளம் காட்டினர். அடுத்த ஆண்டே, அதாவது 1988இல், ஆரோக்கியப்பச்சையைக் 'காணிகளின் ஜின்செங்' என்று வருணிக்கும் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஜின்செங் என்பது சீனாவிலும் கொரியாவிலும் உடல்வலிமைக்காகப் பல நூற்றாண்டுகளாக உண்ணப்பட்டுவரும் வேர். இங்கு ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும்: காணிகளுக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பற்றி எவ்வித ஒப்பந்தமும் ஏற்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அவர்களின் அறிவு அச்சேறிவிட்டது.

புஷ்பாங்கதன் பின்னர் இயக்குநராகப் பொறுப்பேற்ற, திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் இச்செடி மேலும் ஆராயப்பட்டது. எலிகளிடம் நடத்திய சோதனைகளில் இலைச்சாறு களைப்பைத் தாமதப்படுத்துவது கண்டறியப்பட்டது. காயைப் பெருமளவில் திரட்டுவது இயலாததாகையால், இலையிலும் அப்பண்பு உண்டு என்று தெரியவந்தது முக்கியமான திருப்பமாயிற்று. ஏனெனில் இலையைக் கிள்ளினால் செடி அழியாமல் மீண்டும் தழைக்கும். இவ்விலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகிய மூன்றையும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து உருவாக்கப்பட்டது. இம்மூன்றும் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கிவருபவை. அவற்றுள் விஷ்ணுகிராந்தியைத் தேடி மலையேற வேண்டியதில்லை. தரையோடு படர்ந்து, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய நீலப் பூக்களைக் காலையில் விரித்து நண்பகலில் சுருக்கிக்கொள்ளும் அப்பூண்டு, சமவெளியின் புல்தரைகளிலும் வரப்போரங்களிலும் வளர்வது. மலையின் எழுதாத அறிவும் சமவெளியின் எழுதப்பட்ட அறிவும் ஒரே மருந்தில் கலந்தன என்று கூறலாம்.

1995ஆம் ஆண்டில் ஜீவனியைத் தயாரிக்கும் உரிமம் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மஸிக்கு ஏழு ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் இரண்டு விழுக்காடு உரிமத் தொகை. இவ்விரண்டிலும் சரிபாதியைக் காணிகளுக்கு வழங்க ஆராய்ச்சி நிறுவனம் முன்வந்தது. அப்போது இந்தியாவில் அவ்வாறு வழங்க வேண்டுமென எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. 1992இல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்தான பல்லுயிர் உடன்படிக்கை, பழங்குடி மக்களின் அறிவால் வரும் பயனில் அவர்களுக்கும் பங்கு வேண்டும் என்ற கருத்தை முன்வைத்திருந்தது. உள்நாட்டுச் சட்டமோ 2002இல்தான் வந்தது. சட்டத்துக்கு முந்திக்கொண்டு ஓர் அரசு சார்ந்த நிறுவனம் அறத்தின்படி நடந்தது என்பதை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அதேவேளையில் கணக்கையும் பார்க்க வேண்டும்: நூறு ரூபாய்க்கு மருந்து விற்றால் காணிகளுக்குச் சேர்வது ஒரு ரூபாய்.

அந்த ஒரு ரூபாயைப் பெற்றுக்கொள்ளவும் ஓர் அமைப்பு தேவைப்பட்டது. கேரளக் காணி சமுதாய நல அறக்கட்டளை 1997இல்தான் பதிவாயிற்று. முதல் தொகை அதன் கைக்கு வந்தது 1999இல். இதற்கிடையே, 1995ஆம் ஆண்டிலேயே பிலாத்திகள் ஒன்பது பேர், தங்கள் அறிவைத் தனியார் நிறுவனங்களுக்கு விற்பதை எதிர்த்துக் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் அனுப்பியிருந்தனர். செடியைக் காட்டியவர்கள் பிலாத்திகள் அல்லர். எனவே, ஒரு குடியின் பொது அறிவை வெளியே தரும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி அப்போதே எழுந்தது; அதற்கு இன்றளவும் தெளிவான விடை இல்லை. செடியைப் பயிரிட்டு இலையை விற்கக் காணிக் குடும்பங்களுக்கு உதவித்தொகை அளிக்கப்பட்டும், காப்புக் காட்டில் அதைப் பயிரிடவும் அறுவடை செய்யவும் வனத்துறை இசையாததால் அம்முயற்சி தடைப்பட்டது. காட்டின் நிழலில் வளரும் செடிக்குள்ள மருத்துவப் பண்பு அதன் இயற்கை வாழிடத்துக்கு வெளியே குறைந்துவிடுகிறது என்றும் கூறப்பட்டதால், காட்டுக்கு வெளியே தோட்டமிடும் வழியும் பயன்படவில்லை. அமெரிக்காவிலோ, ஜீவனி என்ற பெயரையே ஒரு நிறுவனம் தன் வணிகக்குறியாகப் பதிவு செய்துகொண்டது.

2002இல் ஜோகன்னஸ்பர்க் உலக மாநாட்டையொட்டி ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஈக்குவேட்டர் பரிசு, வருவாயைக் காணிகளோடு பகிர்ந்த இவ்வேற்பாட்டுக்காக வழங்கப்பட, பயன்பகிர்வுக்கு உலகம் காட்டும் முன்மாதிரியாக அது பாடநூல்களில் ஏறியது. உரிமக் காலம் முடிந்தபின் அறக்கட்டளைக்கு வந்த வருமானம் வற்றிப்போனது மட்டும் அப்பாடநூல்கள் பலவற்றில் இடம்பெறுவதில்லை.

தமிழ் வாசகர்கள் கருத வேண்டியது இன்னொன்றும் உண்டு. அறக்கட்டளையின் பெயரிலேயே கேரளம் இருக்கிறது. மலையின் மேற்குச் சரிவில் வாழும் காணிகளுக்காக அமைந்த அவ்வேற்பாட்டில், அதே குடியினரும், அதே காட்டை அறிந்தவருமான கிழக்குச் சரிவுக் காணிகளுக்கு இடம் எண்ணப்படவில்லை. சித்த மருத்துவத்தின் முதல்வராகப் போற்றப்படும் அகத்தியருக்கு உரியதெனத் தமிழர் பெருமை கொள்ளும் மலை இதுவே; அவர் பெயரால் வழங்கும் ஏட்டு மருத்துவத்தைப் பாதுகாக்கக் கல்லூரிகளும் நூல்களும் உண்டு. ஆனால் அதே மலையில் வாழும் மக்களின் வாய்வழி மருத்துவத்துக்கு அத்தகைய காப்பு இல்லை.

இவ்வேறுபாடு இப்போது சட்டத்திலும் நுழைந்துள்ளது. 2023இல் திருத்தப்பட்ட பல்லுயிர்ச் சட்டம், நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பயன்பகிர்வுக் கடமையிலிருந்து விலக்கு அளிக்கிறது. அதன் விளைவாக, எழுதப்படாத அறிவு யாருடையது என்பதை நிறுவும் பொறுப்பு முன்பைவிடக் கனத்துள்ளது. அதற்கான கருவி சட்டத்திலேயே இருக்கிறது: உள்ளாட்சிகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் தயாரிக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும், பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது காட்டுவாழ் மக்களுக்குச் சமூக உரிமை உண்டு என்று தெளிவாகக் கூறுகிறது. தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையிடமோ சென்னையிலேயே உள்ளது.

தமிழ்நாட்டுப் பொதிகைச் சரிவிலுள்ள உள்ளாட்சிகளின் பதிவேடுகளில் ஆரோக்கியப்பச்சை இடம்பெறும்போது, அதன் எதிரே தாவரவியல் பெயரோடு காணிகளின் பெயரும் இருக்க வேண்டும்; அவர்கள் மனமுவந்து சொல்ல விரும்புவது மட்டுமே, அவர்கள் சொன்ன முறையிலேயே பதியப்பட வேண்டும். சொல்ல விரும்பாததைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளும் உரிமையும் அவர்களுடையதே.