தோல்நோயும் ஆக்கவுரிமையும்

சொரியாசிஸ் தொற்றுநோயன்று, நோயெதிர்ப்பாற்றல் பிறழ்ந்து தோற்கலங்கள் மிதமிஞ்சிப் பெருகுவதன் விளைவு. அடலிமுமாப் என்னும் உயிரியல் மருந்து அழற்சியைத் தூண்டும் புரதத்தைத் தடுத்துப் படைகளைத் தணிக்கின்றது, நோயை வேரறுப்பதில்லை. ஆதலின், பொதுவாக இரு வாரங்களுக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில் ஊசி தொடரவேண்டியுள்ளது.

1994இல் கார்டிஃபில் உருவாக்கப்பெற்ற தோல்நோய் வாழ்க்கைத்தரச் சுட்டெண் அரிப்பு, கூச்சம், உடை, தொழில், உறவு முதலியவற்றைப் பத்து வினாக்களால் அளவிடுகின்றது. மருந்தின் விலையை அது வினவுவதில்லை. பிற நிறுவனங்கள் ஆக்கிய நிகர்மருந்துகள் 2018இல் ஐரோப்பியச் சந்தையை அடைந்தன. ஆக்கவுரிமை அரண்களால் ஐக்கிய அமெரிக்க நோயாளர் 2023வரை காத்திருக்க நேர்ந்தது. எனவே, நோயாளரின் வாழ்க்கைத்தரத்தை ஆராய்வோர் மருந்தின் உடைமை உறவுகளையும் ஆராய்தல் வேண்டும். தோலின் துயரைத் தணிக்கும் ஆற்றல் விஞ்ஞானத்திடம் உண்டு. அத்தணிவு எவரை எப்போது அடையும் என்பதைச் சந்தையே தீர்மானிக்கின்றது.