கொல்லைப்புறத் தென்னைக்கு ஒரு கைவைத்தியம்

கிணற்றடியில் இரண்டு தென்னை என்பது பழைய மயிலாப்பூர் வீட்டின் லட்சணம். அடுக்குமாடிகள் எழுந்த பிறகும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் மதிலோரம் தென்னை நிற்கும் வீடுகள் உண்டு. அம்மரங்களின் காய்கள் சிலவற்றில், காம்பிலிருந்து பழுப்புத் தழும்பு இறங்கி, மட்டை வெடித்து, காயே சிறுத்திருப்பதைக் காணலாம். பாட்டிமார் இதைக் கண்ணேறு என்பார்கள். உண்மையில், கண்ணுக்கே புலப்படாத ஒரு ஜந்துவின் வேலை அது.

ஈரியோபைட் சிலந்திப் பேன் என்பது அதன் பெயர். நீளம் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். மெக்ஸிகோ நாட்டின் குவெரெரோ பகுதியில் கிடைத்ததைக் கொண்டு 1965-ல் விஞ்ஞானிகள் இதை விவரித்தனர். 1998-ல் கேரளத்தில் தலைகாட்டி, விரைவிலேயே தமிழ்நாட்டிலும் புகுந்தது. குரும்பையின் தொப்பிக்கு அடியில் ஒளிந்துகொண்டு இளஞ்சாற்றை உறிஞ்சுவதால், மருந்து அதை எளிதில் எட்டுவதில்லை. ஆகவே, மானோகுரோட்டோபாஸ் என்னும் கடும் விஷத்தை வேர் வழியே மரத்துக்கு ஊட்டும் முறையும் வழங்கி வந்தது.

தோப்பின் கதை எப்படியாயினும், வீட்டு மரத்துக்கு இது தகுமா? ஜுரத்தில் படுத்த குழந்தைக்கு நாம் கொடுப்பது அம்மரத்து இளநீரை அல்லவா? கிணறும் அதன் அடியில்தானே இருக்கிறது?

இதற்கு மாற்று நம் சமையலறையிலேயே இருக்கிறது. 5 கிராம் பார் சோப்பைச் சிறிது நீரில் கரைத்து, 20 மில்லி வேப்பெண்ணெயை அதில் ஊற்றி, பால்போல் ஆகும்வரை கலக்க வேண்டும். 20 கிராம் பூண்டை அரைத்து வடிகட்டிய சாற்றையும் சேர்த்து, ஒரு லிட்டராகும்படி நீர் விடவேண்டும். இதை அன்றைக்கே இளங்குலைகளின் மீது, காம்பும் தொப்பியும் நனையத் தெளிக்க வேண்டும். வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சியின் பசியையும் வளர்ச்சியையும் கெடுக்கிறது.

வேம்பின் பெருமை வழக்கு மன்றமும் ஏறியதுண்டு. காளான் நோய்களுக்கு எதிராக வேப்பெண்ணெயைப் பயன்படுத்தும் முறைக்கு ஓர் அமெரிக்கக் கம்பெனியும் அந்நாட்டு விவசாய இலாகாவும் பெற்றிருந்த காப்புரிமையை, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2000-ல் ரத்து செய்தது. அப்பீலும் 2005-ல் தள்ளுபடியாயிற்று. நம்மவர் வழிவழியாக அறிந்த வித்தை புதுக் கண்டுபிடிப்பு ஆகாது என்பதே வாதம்.

ஆனால் பெருமை பேசினால் பேன் சாகாது. ஒருமுறை தெளித்துவிட்டு, "வேம்பு பலிக்கவில்லை" என்று கைவிடுவது நியாயமன்று. ஆண்டுக்கு மூன்று முறையேனும் மரமேறியை அழைத்துத் தெளிக்க வேண்டும். உதிர்ந்த குரும்பைகளைத் திரட்டி எரித்துவிட வேண்டும். அப்பொழுதும் பேன் அடியோடு ஒழியாது. சேதம் குறையும், அவ்வளவே. பேன் காற்றில் பறந்து மரத்துக்கு மரம் தாவுவது. ஆகையால், மதிலுக்கு அப்பாலுள்ள வீட்டாரையும் துணைக்கு அழையுங்கள். நம் மரம் பிழைப்பது அவர்கள் மரத்தையும் பொறுத்தது.