முன்கூட்டி வரும் பனியும் சம்பா நெற்பயிரும்

பனி என்னும் ஒரே சொல்லால் நாம் மூன்று வேறு பொருள்களைக் குறித்து வருகிறோம். இமயமலைப் பிரதேசங்களில் ஆகாயத்திலிருந்து பஞ்சு போல் உதிர்ந்து நிலத்தை மூடுவது ஒன்று. நீலகிரியின் பள்ளத்தாக்குகளில் புல்லின் மேலும் தேயிலைத் தளிரின் மேலும் வெண்மையாக உறைந்து கிடக்கும் உறைபனி மற்றொன்று. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த நமது வயல்களில் விடியற்காலை வேளையில் நெல்லின் தாளை நனைத்து நிற்கும் நீர்ப்பனி மூன்றாவது. முதல் இரண்டும் நமது நிலத்துக்கு வருபவை அல்ல. எனினும், இம்மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. உரிய காலத்தில் வரும்பொழுது பயிர் அதனைத் தாங்கிக் கொள்ளும். காலத்துக்கு முந்தி வருமாயின், பயிர் ஆயத்தமில்லாத நிலையில் அகப்பட்டுச் சேதமுறும்.

இதற்கு அண்மைக்கால உதாரணம் காச்மீரத்தில் கிடைக்கிறது. 2018ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் நவம்பர் மாதத் தொடக்கத்திலேயே அங்கு கனத்த பனி பெய்தது. அதனிலும் கடுமையான பனியை அத்தேசத்து ஆப்பிள் மரங்கள் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வருஷந்தோறும் தாங்கி நிற்பவையே. ஆனால் நவம்பர் தொடக்கத்தில் மரங்களில் இலை உதிர்ந்திருக்கவில்லை. சில தோட்டங்களில் காயும் பறிக்கப்படவில்லை. ஆகவே பனி முழுவதும் இலைகளின் மேல் தங்கி, அதன் பாரத்தால் கிளைகள் முறிந்தன; பல மரங்கள் அடியோடு பிளந்தன. சேதத்துக்குக் காரணம் பனியின் மிகுதி மட்டுமன்று, அது மரத்தைச் சந்தித்த பருவமுமாகும்.

நமது சம்பாப் பயிருக்கும் இதே நியாயம் பொருந்தும்.

நமது பகுதியில் குளிர் முந்துவது எவ்வாறு?

புதுவையில் ஜனவரி மாதத்து இரவு உஷ்ணம் சராசரியாக 20, 21 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருக்கும். கடற்கரைக்கு அப்பால் உள்ளே செல்லச் செல்ல இது சற்றுக் குறையும். சாதாரண வருஷங்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையின் மேகம் ஆகாயத்தை மூடியிருக்கும். பகலில் பூமி ஏற்றுக்கொண்ட உஷ்ணம் இரவில் மேலே எழும்பிச் செல்லாதபடி அம்மேகம் கம்பளம் போர்த்தியது போலத் தடுக்கிறது. மழை இடையில் ஓய்ந்து, ஆகாயம் தெளிந்து, காற்றும் அடங்கிவிட்டால், அக்கம்பளம் விலகியது போலாகிறது. பூமியும் பயிரும் தம் உஷ்ணத்தை விரைவில் இழக்கின்றன. வடக்கிலிருந்து வறண்ட காற்றும் சேருமாயின் இரவுகள் மேலும் குளிர்கின்றன. மழை முன்னதாக ஓய்ந்த வருஷத்தில் பனி முன்னதாக இறங்குவதன் காரணம் இதுவே.

காற்று குளிரும்பொழுது அது தாங்கக்கூடிய நீராவியின் அளவும் குறைகிறது. 30 டிகிரி உஷ்ணமுள்ள ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் அதே காற்று சுமார் 17 கிராம் அளவையே தாங்கும். எஞ்சியது குளிர்ந்த இலையின் மேல் நீராகப் படிகிறது. ஊசுடு ஏரி, பாகூர் ஏரி, சங்கராபரணி, தென்பெண்ணை, பங்காரு வாய்க்கால் முதலிய நீர்நிலைகளை அடுத்த வயல்களில் காற்றில் ஈரம் மிகுதியாதலால் பனியும் மிகுதியாகப் படியும். குளிர்ந்த காற்று கனமானது. ஆதலால் அது பள்ளத்தை நாடிச் செல்லும். ஏரிப் பாசனத்தின் தாழ்ந்த மடைகளில் மேட்டு வயலைக் காட்டிலும் பனி முந்தி இறங்கி, வெயில் ஏறிய பின்னரும் நெடுநேரம் தங்குவது இதனாலேயே.

குளிர் நேரே செய்யும் தீங்கு

நெற்பயிர் குளிரை வெறுப்பது. கதிர் வெளிவருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு முன், மகரந்தம் உண்டாகும் சமயத்தில், உஷ்ணம் 15 முதல் 19 டிகிரி வரையிலான அளவுக்கு இறங்கி நிலைக்குமாயின், ரகத்தின் தன்மைக்கேற்ப மணிகள் பதராகும் என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். ஜப்பான் தேசத்தில் 1993ஆம் ஆண்டு கோடைகாலம் குளிர்ந்து போனமையால் நெல் மகசூல் சாதாரண அளவில் நூற்றுக்கு 74 பங்காகக் குறைந்தது. அத்தேசத்தார் சுமார் 25 லட்சம் டன் அரிசியை வெளிநாடுகளிலிருந்து வரவழைக்க நேர்ந்தது.

நமது பகுதியில் இத்தகைய நேரடிச் சேதம் அரிது. இரவில் குளிர்ந்தாலும் பகல் உஷ்ணம் பெரும்பாலும் 28 டிகிரியை எட்டிவிடுகிறது. குளிரால் இங்கு நேரே உண்டாவது தாமதமே: தூர் கட்டுவது மந்தமாகும், பூக்கள் மலரும் நேரம் பிந்தும், வேர் உரத்தை மெதுவாகவே ஏற்கும், பயிர் வெளுத்துத் தோன்றும். இவ்வெளுப்பைக் கண்டு குடியானவர் செய்யும் அவசரக் காரியமே குளிரைவிடப் பெருஞ்சேதத்துக்கு வழி திறந்து விடுகிறது.

குலைநோயும் பனியும்

நெற்பயிரின் குலைநோய் ஒருவகைப் பூஞ்சாணத்தால் உண்டாவது. இலையில் இரு முனையும் கூர்மையாய், நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் கொண்ட கண் போன்ற புள்ளிகள் தோன்றும். கணுக்கள் கறுத்து ஒடியும். கதிரின் கழுத்து கறுத்துவிட்டால், மேலே உணவு செல்லாமல் மணிகள் பதராகிக் கதிர் மடிந்து தொங்கும். இலையில் வரும் நோயிலிருந்து பயிர் ஒருவாறு தேறக்கூடும். கழுத்தில் வரும் நோய்க்குப் பிறகு தேறுவதற்கு இடமில்லை.

தென்னாட்டில் இந்நோயின் கடுமை 1919ஆம் ஆண்டு தஞ்சாவூர்ப் பகுதியில் பெருமளவில் வெளிப்பட்டது. சென்னை அரசாங்கத்தின் பூஞ்சாண நிபுணராக இருந்த மக்ரே அவர்கள் அதனை ஆராய்ந்தார். பின்னர்க் கோயம்புத்தூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட கோ. 4 என்னும் நெல் இந்நோயைத் தாங்குவதில் பெயர் பெற்றது. கட்டாக்கில் அக்காலத்தில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் எனப்பட்ட நிலையத்தைச் சேர்ந்த பத்மநாபன் அவர்கள், இரவு உஷ்ணம் 24 டிகிரிக்குக் குறைந்து காற்றின் ஈரம் நூற்றுக்குத் தொண்ணூறு அல்லது அதற்கு மேற்பட்டிருக்கும் நாட்கள் நோய்க்கு அநுகூலமானவை என்று காட்டினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சதாசிவன் அவர்களும் சகாக்களும் நடத்திய ஆராய்ச்சியில் மற்றோர் உண்மை தெளிந்தது: இரவில் குளிர்ந்த பயிரின் இலையில், கரையும் தழைச்சத்துப் பொருள்கள் மிகுந்து நிற்கின்றன, பூஞ்சாணத்துக்கு அது எளிய உணவாகிறது.

இதிலிருந்து விளங்குவது யாது? பூஞ்சாணத்தின் வித்து முளைத்து இலைக்குள் புகுவதற்கு நனைந்த இலை பல மணி நேரம் வேண்டும். பனி அதனைத் தருகிறது. புகுந்த பின் செழிப்பதற்குத் தழைச்சத்து வேண்டும். குளிர்ந்த பயிரில் அது முன்னமே தேங்கியிருக்கிறது. இச்சமயத்தில் பயிர் வெளுத்திருக்கிறதென்று யூரியாவை அள்ளி இறைப்போமாயின், நோய்க்கு நாமே விருந்து வைத்தவர்களாவோம். ஒரு புள்ளியிலிருந்து ஓரிரவில் ஆயிரக்கணக்கான வித்துக்கள் கிளம்புகின்றன. நோய் புகுந்து ஒரு வாரத்துக்குள் புதுப் புள்ளி தோன்றிவிடுகிறது.

சம்பாப் பயிர் உரிய காலத்தில் நடப்பட்டு, பனி மார்கழிப் பிற்பகுதியில் இறங்கினால், அதற்குள் கதிர் முற்றத் தொடங்கியிருக்கும். பனி கார்த்திகையிலேயே இறங்கினால் பயிர் தூர் கட்டும் நிலையிலோ சூல் நிலையிலோ அகப்படும். ஏரி நிறையக் காத்திருந்து பின்தங்கி நட்ட வயல்களுக்கு அபாயம் இன்னும் அதிகம். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்து, ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அதனையடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரால் தென்பெண்ணைக் கரையோரத்து ஊர்களும் வெள்ளத்தில் ஆழ்ந்தன. இத்தகைய வெள்ளம் வடிந்த பின் வெளுத்து நிற்கும் பயிருக்கு உரமிடத் தோன்றுவது இயல்பே. ஆனால் வெள்ளத்துக்குப் பின்வரும் காலமே பனிக்காலமுமாதலால் அங்கு நிதானம் இரட்டிப்பாக வேண்டும்.

குடியானவர்கள் செய்யத்தக்கவை

1. இரவு உஷ்ணம் குறைந்து, காலை ஒன்பது மணி வரையிலும் இலை உலராமல் இருக்கும் நாட்கள் தொடர்ந்து வருமாயின், மேலுரமாக இடவிருக்கும் யூரியாவை நிறுத்தி வைக்க வேண்டும். பயிரின் நிறத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிடாமல் இலை வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்னும் எண்ணுக்குக் கீழ் நிறம் இறங்கினாலன்றித் தழையுரம் தேவையில்லை. இலையில் கண் புள்ளி ஒன்றேனும் காணப்பட்டால், நிறம் எவ்வாறிருப்பினும் நோய் அடங்கும் வரை யூரியா கூடாது.

2. உரம் இட்டே தீரவேண்டிய வயலில், ஒரே தடவையாக இடாமல் சிறு பங்குகளாகப் பிரித்து, பனி முற்றிலும் உலர்ந்த பின்னரே இட வேண்டும். நனைந்த இலையில் ஒட்டும் யூரியா இலையைக் கருக்கிவிடும்.

3. வயலைக் காயவிடலாகாது. நீர் வற்றிய வயலில் குலைநோய் கடுமையாகிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீர் விடியற்காலைக் காற்றைவிட வெதுவெதுப்பானது. ஆதலால் அந்நீர் வசதியுள்ளவர்கள் மாலையில் பாய்ச்சுவது நலம்.

4. பனி உலரும் முன் வயலில் இறங்கிக் களையெடுப்பதும் நடமாடுவதும் கூடா. பாக்டீரியா இலைக்கருகல் நோய் நனைந்த இலைகளின் உராய்வால் பரவுகிறது.

5. ஆந்திரா பொன்னி எனப்படும் பி.பி.டி. 5204 குலைநோய்க்கு எளிதில் இரையாகும் ரகம். வெள்ளைப் பொன்னியும் தாங்கும் சக்தி குறைந்ததே. விலையை உத்தேசித்து இவற்றைப் பயிரிடுவோர் வாரம் இருமுறை வயலைச் சுற்றிப் பார்ப்பது அவசியம். வரப்போரப் புல்லிலும் இந்நோய்ப் பூஞ்சாணம் தங்கக்கூடுமாதலால் வரப்பைச் சுத்தமாக வைத்திருத்தல் வேண்டும்.

6. விதைக்கும் முன் கிலோ ஒன்றுக்கு 10 கிராம் வீதம் சூடோமோனாஸ் கலந்து விதை நேர்த்தி செய்வது சொற்பச் செலவில் முடியும் பாதுகாப்பு. நோய் கண்ட பின் மருந்து தெளிக்க வேண்டியிருந்தால், கடைக்காரர் சொல்லைக் கேட்டுத் தெளிக்காமல், நோய்த் தாளை எடுத்துச் சென்று உழவர் உதவியகத்திலோ குரும்பாபேட்டை வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டி, அப்போது அநுமதியிலுள்ள மருந்தையும் அளவையும் கேட்டறிய வேண்டும்.

நவரை நாற்றங்காலுக்கு

மார்கழியில் விடும் நவரை நாற்று, குளிரால் மஞ்சளித்துக் குட்டையாக நிற்கும். மாலையில் நாற்றங்காலுக்கு நீர் கட்டி, காலையில் குளிர்ந்த நீரை வடித்துவிடுவது நல்லது. வங்காளத்துக் குடியானவர்கள் தங்கள் போரோ நாற்றங்காலில் ஒரு கயிற்றின் இரு நுனிகளை இருவர் பிடித்து, நாற்றின் தலைமேல் இழுத்துச் சென்று பனி நீரை உதிர்க்கின்றனர். காசுச் செலவில்லாத இம்முறையை நாமும் கைக்கொள்ளலாம்.

பனியால் வரும் நன்மை

பனியை முழுவதும் பகையாகக் கருதுதல் தகாது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பாக, மெழுகு பதத்தில் தாளடியில் விதைக்கும் உளுந்தும் பயறும், நிலத்தில் எஞ்சிய ஈரத்தோடு தைமாதத்துப் பனியையும் துணையாகக் கொண்டு விளைகின்றன. அவற்றின் இலையில் சாம்பல் நோய் தோன்றுகிறதா என்பதை மட்டும் கவனித்து வந்தால் போதும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

நோய் ஒரு வயலோடு நிற்பதன்று, காற்றில் பரவுவது. ஒரு மடையில் கண் புள்ளி கண்டதாகத் தகவல் வந்தவுடன், அம்மடையைச் சேர்ந்த யாவருக்கும் அன்றே அறிவித்து, வேளாண் அலுவலருக்கும் தெரிவிப்பது கிராம நிர்வாக அலுவலரின் பெரும் உதவியாகும். எந்த வயலில் எந்த ரகம், எந்தத் தேதியில் நடப்பட்டது, நோய் எந்நாளில் கண்டது என்ற குறிப்பை எழுதி வைத்தால், பின்னர் மகசூல் நஷ்டத்தைக் கணக்கிடும்பொழுதும், அடுத்த வருஷம் ரகம் தேர்ந்தெடுக்கும்பொழுதும் அது பயன்படும். ஏரி மடை திறக்கும் முறையை நிர்ணயிப்போர், சூல் நிலையிலுள்ள வயல்களுக்கு நீர் முறை தவறாதபடி ஏற்பாடு செய்தல் வேண்டும்.

பனி இறங்கும் நாளை மாற்றுவது நம் கையில் இல்லை. அந்நாளில் யூரியா மூட்டையை அவிழ்ப்பதும் அவிழ்க்காதிருப்பதும் நம் கையிலேயே உள்ளன. வெளுத்த பயிர் வெயில் ஏறினால் பச்சை பிடிக்கும். கழுத்தொடிந்த கதிர் மீண்டும் நிமிராது. இதனை மனத்தில் இருத்தி நிதானிக்கும் குடியானவருக்குச் சம்பா கைவிட்டுப் போகாது.