செம்மண்ணில் இரும்புக்கு என்ன பஞ்சம்?

“சார், என் காடு பூராவும் செம்மண்ணுங்க. அதுல இரும்பு பத்தலைன்னா யாருங்க நம்புவாங்க?”

பல்லடம் பக்கத்து விவசாயி ஒருவர் ஆய்வு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அவருடைய நிலக்கடலையின் கொழுந்து மஞ்சளைத் தாண்டி வெளுத்திருந்தது. மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் நான் பதில் சொல்லிவந்த கேள்வி இது.

செம்மண்ணின் நிறமே இரும்பு ஆக்சைடு தந்ததுதான். ஒரு ஏக்கரில் மேலாக உள்ள அரையடி மண் ஏறக்குறைய 900 டன் எடை இருக்கும். நூற்றுக்கு 3 பங்கு இரும்பு என்று வைத்தாலும் 27 டன். ஆனால் நீரில் கரைந்ததைத்தான் வேர் எடுக்கும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் கார அமில அளவான பிஹெச் 8-ஐ நெருங்கும்போது இரும்பு கரைவது மிகமிகக் குறைந்துவிடும். துத்தநாகத்துக்கும் இதே கதிதான்.

ஆகவே, மண்ணில் உள்ள மொத்தத்தை விட்டுவிட்டு, பயிருக்கு எட்டுகிற பங்கை அளக்கிறோம். அமெரிக்காவின் லிண்ட்சே, நார்வெல் இருவரும் 1978-ல் விரிவாக வெளியிட்ட டிடிபிஏ முறைதான் நம் ஆய்வுக்கூடங்களிலும் பழக்கத்தில் இருக்கிறது. டிடிபிஏ என்பது உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் வேதிப்பொருள். 10 கிராம் மண்ணில் 20 மில்லி கரைசலை ஊற்றி, 2 மணி நேரம் குலுக்கி வடிகட்டுவோம். கூடுதலாகக் குலுக்கினால் கூடுதலாகக் கரைந்து வரும். அதனால் நேரத்தில் கறாராக இருப்போம். வடிநீரை அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் செலுத்தினால் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம் நான்கின் அளவும் தெரியும்.

அந்த எண் மட்டும் போதாது. உரமிட்டும் இடாமலும் வயல்களில் பயிர் செய்து பார்த்து, எந்த அளவுக்குக் கீழே விளைச்சல் அடிபடுகிறது என்று கண்டறிந்து எல்லை வகுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் துத்தநாகத்துக்கு அது கிலோ மண்ணுக்கு 1.2 மில்லிகிராம். இரும்புக்குச் சாதாரண மண்ணில் 3.7, சுண்ணாம்பு மண்ணில் 6.3. நெல் வயலுக்கு ஒரு எச்சரிக்கை: நாங்கள் சோதிப்பது உலர்ந்த மண். தண்ணீர் கட்டியபின் இரும்பு கூடுதலாகக் கரையும், துத்தநாகம் குறையும். அதையும் சேர்த்தே முடிவைப் படிக்க வேண்டும்.

அந்த விவசாயிக்குச் சொன்ன பரிந்துரை எளிது. அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, மண்ணில் போட்டால் அங்குள்ள சுண்ணாம்பு அதை முடக்கிவிடும். 100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ கரைத்து இலையில் தெளிக்க வேண்டும்.

நுண்ணூட்ட மூட்டை வாங்கும் முன் மண்ணைச் சோதித்துவிடுங்கள். வரப்போரம், எருக்குழி, மரத்தடி மூன்றையும் தவிர்த்து, வயலில் பல இடங்களில் அரையடி ஆழம்வரை மண் எடுங்கள். மண்வெட்டி பட்ட பரப்பை மரக்குச்சியால் சுரண்டித் தள்ளிவிடுங்கள். துத்தநாகம் பூசிய இரும்பு வாளி வேண்டாம், பிளாஸ்டிக் வாளியே நல்லது. நிழலில் உலர்த்திக் கொண்டுவாருங்கள். மண் சரியாக வந்தால்தான் எங்கள் எண்ணும் சரியாக இருக்கும்.